'கன்கர்' என்ற ஆங்கில வினைச்சொல்: பொருளும் பிறப்பும்

நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அரசாணைகளிலும் அடிக்கடி கண்ணில் படும் 'கன்கர்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குச் சரியான பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது, 'அக்ரீ' என்று எளிமையாகச் சொல்லிவிடக்கூடிய இடத்தில் ஏன் இதை எழுதுகிறார்கள் என்பது கேள்வி. சி, ஓ, என், சி, யு, ஆர் என்ற ஆறு எழுத்துகளில் எழுதப்படும் இச்சொல்லுக்கு அகராதிகள் 'உடன்படு', 'இசைந்திரு', 'ஒத்துப்போ' என்று பொருள் தருகின்றன. அது தவறில்லை. ஆனால் அந்தப் பொருளை மட்டும் மனத்தில் வைத்திருப்பவருக்குக் 'கன்கரண்ட் லிஸ்ட்' என்பதில் யார் யாரோடு உடன்பட்டார்கள் என்பதும், ஒரு குற்றவாளியின் இரண்டு தண்டனைகள் எப்படி 'கன்கரண்ட்' ஆக முடியும் என்பதும் விளங்காது. நான் புரிந்துகொண்ட வரையில், இச்சொல்லின் அடியில் இருப்பது சம்மதம் அன்று. தனித்தனியே புறப்பட்டவை ஓரிடத்தில் வந்து கூடுவதுதான். சம்மதம் என்பது அதிலிருந்து பின்னாளில் கிளைத்த பொருள்களில் ஒன்று. இதைப் பிடித்துக்கொண்டால் சட்டத்திலும் நிர்வாகத்திலும் இச்சொல் செய்யும் வேலைகள் பெரும்பாலும் தாமே தெளிவாகும்.

சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. 'குர்ரெரெ' என்றால் ஓடுதல். அதன் முன் 'சேர்ந்து' என்று பொருள்படும் 'கொன்' என்ற முன்னொட்டு வந்து 'கொன்குர்ரெரெ' ஆயிற்று. நேர்ப்பொருள், ஒன்றாக ஓடுதல் அல்லது ஓடிவந்து கூடுதல். இந்த 'குர்ரெரெ' ஆங்கிலத்துக்குத் தந்த சொற்கள் நாம் தினமும் புழங்குபவை. மின்சாரத்தைக் குறிக்கும் 'கரண்ட்', கையில் ஓடிக்கொண்டிருக்கும் பணத்தைக் குறிக்கும் 'கரன்சி', கல்லூரியின் 'கோர்ஸ்', பாடத்திட்டமாகிய 'கரிக்குலம்', கணினித் திரையில் ஓடும் 'கர்சர்', தபாலை எடுத்துக்கொண்டு ஓடும் 'கூரியர்', அறைகளுக்கு நடுவில் நீளும் 'காரிடார்' எல்லாம் இந்த ஓட்டத்தின் வழிவந்தவை. மெட்ரோ ரயில் நிலையங்களில் பயணச்சீட்டு வாங்கும் தளத்துக்குக் 'கான்கோர்ஸ்' என்று பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள். அது 'கன்கர்' என்பதன் உடன்பிறப்பே. பல வாயில்கள் வழியாக வரும் மக்கள் வந்து கூடும் இடம் என்பது பொருள். அங்கே நிற்பவர்கள் எவரும் எவருடனும் எதற்கும் உடன்பட்டவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஓடிவந்து கூடுவது நட்பாகவும் இருக்கலாம், பகையாகவும் இருக்கலாம். லத்தீனில் இரண்டுமே இருந்தன. மக்கள் மன்றத்தில் வந்து குவிவதற்கு இச்சொல் வழங்கியது. இரண்டு படைகள் எதிரெதிரே பாய்ந்து மோதுவதற்கும் இதே சொல்தான் வழங்கியது. ரோமக் கவிஞர் வெர்ஜில் தம் காப்பியமாகிய 'ஈனிட்' முதல் பகுதியில், டிராய் போரில் போரிட்ட அமேசான் அரசி பெந்தெசிலேயாவைப் பற்றிச் சொல்லும்போது, கன்னியாகிய அவள் ஆடவரோடு 'கொன்குர்ரெரெ' செய்யத் துணிகிறாள் என்று எழுதுகிறார். அந்த இடத்தில் 'ஆடவரோடு உடன்படத் துணிகிறாள்' என்று மொழிபெயர்த்தால் எவ்வளவு பெரிய பிழை! 'ஆடவரோடு பொருதத் துணிகிறாள்' என்பதே பொருள். வடிவத்தில் இன்றைய நீதிபதி 'ஐ கன்கர்' என்று எழுதும் அதே வினைதான்.

ரோமச் சட்டத்தில் இதற்கு மூன்றாவது ஒரு பயன்பாடும் இருந்தது. ஒரே சொத்தின் மீது பலருக்கு உரிமை இருந்து, அவர்கள் எல்லோரும் அதைக் கோரி வரும்போது, அந்த உரிமைகள் 'கொன்குர்ரெரெ' செய்கின்றன என்றார்கள். அதாவது ஒரே பொருளை நோக்கிப் பலர் ஓடுகிறார்கள். ஐரோப்பாவின் மற்ற மொழிகள் இச்சொல்லை இந்தப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டன. ஜெர்மன் மொழியில் 'கொங்குர்ஸ்' என்றால் திவால். கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளின் எஞ்சிய சொத்தை நோக்கி ஓடிவருவது அதன் மூலப்படம். 'கொங்குரென்ஸ்' என்றால் தொழிற்போட்டி. பிரெஞ்சில் 'கொன்கூர்' என்றால் போட்டித் தேர்வு, 'கொன்கூரான்ஸ்' என்றால் வணிகப் போட்டி. அந்நாட்டின் போட்டிச் சட்டத்தைக் காக்கும் ஆணையத்தின் பெயரிலேயே இச்சொல் நிற்கிறது. டச்சு மொழியில் 'கொன்குரென்ட்' என்பவர் எதிர்க்கடைக்காரர். ஆக, ஒரே வேரிலிருந்து ஆங்கிலம் இசைவை எடுத்துக்கொண்டது, அண்டை மொழிகள் போட்டியை எடுத்துக்கொண்டன. எழுத்து வடிவில் ஒன்றுபோலவே தோன்றும் இச்சொற்களை ஒப்பந்தங்களில் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றி எழுதிவிடக் கூடாது என்பது சட்ட மொழிபெயர்ப்புக்கு வருகிறவர்கள் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியது.

ஆங்கிலத்துக்குள் இச்சொல் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தபோது அதற்கு லத்தீனின் மோதல் பொருளே இருந்தது. கருத்தில் ஒன்றுபடுதல், ஒரே நேரத்தில் நிகழ்தல் என்ற இரண்டு பொருள்களும் 16ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் நிலைபெற்றன. அதன் பிறகு மோதல் பொருள் ஆங்கிலத்தில் மெல்ல மறைந்துபோயிற்று. ஆனால் மற்ற இரண்டும் இன்றுவரை அருகருகே வாழ்கின்றன. அவற்றில் எது முதன்மை, எது வழிப்பொருள் என்று பிரிப்பதைவிட, இரண்டுக்கும் அடியில் உள்ள கூடுகையைப் பார்ப்பதே பயன் தரும்: கருத்துகள் கூடினால் இசைவு, நிகழ்ச்சிகள் கூடினால் உடனிகழ்வு.

இனி, 'அக்ரீ' முதலிய சொற்களிலிருந்து இது எங்கே பிரிகிறது என்று பார்க்கலாம். 'அக்ரீ' பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேரில் 'மனத்துக்கு உகந்தது' என்ற பொருள் உள்ளது. ஆகவே அது எல்லா இடத்துக்கும் பொருந்தும் பொதுச்சொல். 'கன்சென்ட்' என்பதற்கு வேர்ப்பொருள் சேர்ந்து உணர்தல். ஆனால் வழக்கில் அது, ஒருவர் செய்ய விரும்புவதற்கு மற்றவர் இடம் கொடுப்பது. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளி கையெழுத்திடுவது 'கன்சென்ட்' படிவம். அதைக் 'கன்கரன்ஸ்' படிவம் என்று எவரும் சொல்வதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 13, இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்றுக்கொள்வதே 'கன்சென்ட்' என்று வரையறுக்கிறது. 'அசென்ட்' என்பது மேலிருப்பவர் தரும் ஒப்புதல். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநரோ குடியரசுத் தலைவரோ தருவது இது. 'அக்சீட்' என்றால் நெருங்கிச் சென்று சேர்தல். 1947இல் சமஸ்தான மன்னர்கள் கையெழுத்திட்ட இணைப்புப் பத்திரத்தின் பெயர் இதிலிருந்து வந்தது. 'அக்வியெஸ்' என்பதில் ஓய்வு, அமைதி என்ற வேர் இருக்கிறது. மறுப்புச் சொல்லாமல் பேசாதிருந்துவிடுவது அது. இவை எல்லாவற்றிலும் ஒருவர் முன்மொழிய மற்றவர் ஏற்கிறார் என்ற அமைப்பு ஏதோ ஒரு வகையில் இருக்கிறது. 'கன்கர்' செய்பவர் அப்படி ஏற்பவர் அல்லர். அவரும் அதே பாதையை முழுதாக நடந்து, தம் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, அதே இடத்துக்கு வந்திருக்கிறார். அவருக்கும் முதலில் முடிவு சொன்னவருக்கும் நிலை சமம். வீட்டில் பிள்ளை கேட்டதற்குத் தந்தை 'கன்கர்' செய்தார் என்று ஆங்கிலத்தில் எழுதினால் காதில் உறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சமநிலையை மிகத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் நீதிமன்றம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 145ஆம் பிரிவின் 5ஆவது உட்பிரிவு, வழக்கை விசாரித்த நீதிபதிகளில் பெரும்பான்மையினரின் 'கன்கரன்ஸ்' இன்றி உச்ச நீதிமன்றம் எந்தத் தீர்ப்பையும் வழங்கக் கூடாது என்று விதிக்கிறது. அதே மூச்சில், 'கன்கர்' செய்யாத நீதிபதி தம் மாறுபட்ட தீர்ப்பை எழுதுவதை இது தடுக்காது என்றும் சொல்கிறது. வழக்கத்தில் ஒரு நீதிபதி மற்றவர் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொண்டால் அதன் கீழே கையெழுத்திட்டுவிடுவார், அல்லது 'ஐ அக்ரீ' என்று இரண்டே சொல் எழுதுவார். முடிவு ஒன்றாக இருந்து, அங்கே வந்த வழி வேறாக இருக்கும்போது, அல்லது வழியில் தாம் கண்ட ஏதோ ஒன்றைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும்போதுதான் தனியாக எழுதுவார். அதைக் 'கன்கரிங் ஜட்ஜ்மென்ட்' என்கிறோம். தமிழில் இசைவுத் தீர்ப்பு எனலாம்.

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையா என்ற கேள்வியில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அளித்த புட்டசாமி தீர்ப்பு இதற்கு நம் காலத்தின் சிறந்த எடுத்துக்காட்டு. ஒன்பது பேரும் ஒரே முடிவு சொன்னார்கள். மாறுபட்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் தீர்ப்புரைகள் ஆறு. நால்வருக்காக ஒருவர் எழுதினார். மற்ற ஐவரும் தனித்தனியே எழுதினார்கள். அந்தரங்கம் எந்தப் பிரிவில் வேர் கொண்டிருக்கிறது, அதன் எல்லைகளை எந்தச் சோதனையால் அளப்பது என்பவற்றில் அவர்களுடைய வழிகள் ஒன்றல்ல. இதைச் செய்தியில் 'ஒருமனதான தீர்ப்பு' என்று எழுதியது சரியே, ஆயினும் சட்டம் படிப்பவர் அந்த ஆறு வழிகளையும் படித்தால்தான் அடுத்த வழக்கில் எது நிற்கும், எது நிற்காது என்று கணிக்க முடியும். சில வேளைகளில் இசைவுத் தீர்ப்பே முதன்மைத் தீர்ப்பைவிட நீண்ட காலம் வாழ்ந்துவிடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் பொதுத் தொலைபேசிக் கூண்டில் பேசியதை ஒட்டுக்கேட்ட காட்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தபோது, நீதிபதி ஹார்லன் தனியே எழுதிய இசைவுத் தீர்ப்பில்தான் 'நியாயமான அந்தரங்க எதிர்பார்ப்பு' என்ற சோதனை வகுக்கப்பட்டது. பின்னாளில் நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

இச்சொல்லின் எடையை நம் நாட்டில் மிக நுணுக்கமாக நிறுத்துப் பார்த்த நாள் 1949 மே 24. நீதிபதிகள் நியமனம் குறித்த பிரிவு அன்று அரசமைப்பு நிர்ணய மன்றத்தின் முன் இருந்தது. தலைமை நீதிபதியைக் 'கன்சல்ட்' செய்து, அதாவது கலந்தாலோசித்து, குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்பது வரைவு. அதை மாற்றி, தலைமை நீதிபதியின் 'கன்கரன்ஸ்' வேண்டும் என்று எழுத வேண்டும் எனச் சென்னை மாகாணத்திலிருந்து சென்றிருந்த உறுப்பினர் போக்கர் சாகிப் திருத்தம் கொண்டுவந்தார். நியமனங்களில் அரசியல் புகுந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. அது நேர்மையான கவலை என்பதை எழுபது ஆண்டுக் கால வரலாறு காட்டிவிட்டது. அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. தலைமை நீதிபதி மிகச் சிறந்த மனிதர்தான், ஆயினும் சாதாரண மக்களாகிய நமக்குள்ள குறைகளும் விருப்பு வெறுப்புகளும் அவருக்கும் உண்டு. அவருடைய இசைவு கட்டாயம் என்றால் நியமனங்களின் மீது அவருக்கு ரத்து அதிகாரம் கொடுத்ததாகிவிடும். குடியரசுத் தலைவருக்கோ அன்றைய அரசுக்கோ கொடுக்க நாம் தயாராக இல்லாத அதிகாரத்தை அவரிடம் ஒப்படைப்பது ஆபத்தானது என்ற கருத்தில் அவர் பேசினார். கவனியுங்கள், இரு தரப்புக்கும் சொல்லின் பொருளில் ஐயமே இல்லை. ஆலோசனை கேட்டால் கேட்டவர் தம் விருப்பப்படி முடிவெடுக்கலாம்; இசைவு வேண்டும் என்றால் இருவரும் அதே இடத்துக்கு வந்து சேரும்வரை எதுவும் நடக்காது. ஒருவர் வர மறுத்தாலே போதும். இசைவு தேவைப்படும் இடமெல்லாம் ரத்து அதிகாரம் இருக்கும் இடமே என்பதை அம்பேத்கர் உடனே கண்டுகொண்டார்.

திருத்தம் தோற்றது, 124ஆம் பிரிவில் 'கன்சல்டேஷன்' என்றே நின்றது. அதன் பிறகு நடந்தது உலகச் சட்ட வரலாற்றிலேயே அரிய நிகழ்ச்சி என்று நான் நினைக்கிறேன். 1981 டிசம்பரில் எஸ்.பி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கலந்தாலோசனை என்பது இசைவு ஆகாது என்று எழுத்துப்படியே தீர்ப்பளித்தது. 1993 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நியமனங்களில் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்று சொன்னது. தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் கூடி நியமனத்துக்கான பெயர்களை முடிவு செய்யும் கொலீஜியம் முறை அந்தத் தீர்ப்பிலிருந்து பிறந்ததுதான். 1949இல் வாக்கெடுப்பில் நுழைய முடியாத சொல், 44 ஆண்டுகள் கழித்துப் பொருள் விளக்கத்தின் வழியே நுழைந்தது. இதைச் சரி என்பாரும் உண்டு, அதிகார வரம்பு மீறல் என்பாரும் உண்டு. அம்பேத்கரின் உரையையும் 1993 தீர்ப்பையும் அடுத்தடுத்துப் படிப்பவர் எவருக்கும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவிலுள்ள தூரம் மறக்காது. 370ஆம் பிரிவும் இதே இரட்டையைக் கொண்டு கட்டப்பட்டிருந்தது. இணைப்புப் பத்திரத்தில் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்ட பொருள்களுக்கு ஜம்மு காஷ்மீர் அரசுடன் 'கன்சல்டேஷன்' போதும். மற்றவற்றுக்கு அவ்வரசின் 'கன்கரன்ஸ்' வேண்டும் என்று அது பிரித்து வைத்திருந்தது.

இவ்வளவு உயரத்தில் தேடாமல், தமிழ்நாட்டு அரசாணை ஒன்றை எடுத்து அதன் கடைசிப் பத்தியைப் பார்த்தாலும் போதும். பணம் செலவாகும் ஆணையாக இருந்தால், இவ்வாணை நிதித் துறையின் இன்ன அ.சா. எண், இன்ன நாளில் பெறப்பட்ட இசைவுடன் வெளியிடப்படுகிறது என்ற வாக்கியம் அநேகமாக அங்கே இருக்கும். ஆங்கில அரசாணையில் அந்த 'இசைவு' இருக்கும் இடத்தில் நிற்பது 'கன்கரன்ஸ்'. அ.சா. என்பது அலுவல் சாராக் குறிப்பு. துறை கோப்பை நிதித் துறைக்கு அனுப்பும். நிதித் துறை அச்செலவுக்கு ஒதுக்கீடு உண்டா, அந்தப் பணியிடம் தேவையா, விதி இடம் தருகிறதா என்று தன் கணக்கில் தானே பார்க்கும். பார்த்து முடித்து அதே முடிவுக்கு வந்தால்தான் அந்த எண் கிடைக்கும். 'நிதித்துறை கன்கரன்ஸ் வரலை' என்று தலைமைச் செயலகத்தில் ஒருவர் சொன்னால், கோப்பு அங்கேயே நின்றுவிட்டது என்று பொருள். தமிழ் ஆட்சிச் சொல்லாக இங்கே 'இசைவு' என்பதைத் தேர்ந்தவர்கள் நன்றாகவே தேர்ந்திருக்கிறார்கள். 'அனுமதி' என்று போட்டிருந்தால் நிதித் துறை மேலே நிற்பதாகிவிடும். 'சம்மதம்' என்றால் அது விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

இசைவு என்பதற்குச் செயல் வேண்டுமா, மறுக்காமல் இருந்தால் போதுமா என்ற கேள்வியை ஐக்கிய நாடுகள் சபை சந்தித்தது. அதன் சாசனத்தின் 27ஆம் பிரிவு, பாதுகாப்பு அவையின் முக்கியத் தீர்மானங்களுக்கு ஒன்பது ஆதரவு வாக்குகள் வேண்டும், அவற்றுள் நிரந்தர உறுப்பினர்களின் 'கன்கரிங்' வாக்குகள் அடங்கியிருக்க வேண்டும் என்கிறது. 1965இல் அவை விரிவாக்கப்படும் வரை இந்த எண்ணிக்கை ஏழாக இருந்தது. 'வீட்டோ' என்ற சொல் சாசனத்தின் அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. உலகமே பேசும் அந்த ரத்து அதிகாரம் முழுவதும் இந்த ஒரு பெயரடையில் அடங்கியிருக்கிறது. சொல்லை அதன் வேரோடு வைத்துப் படித்தால், நிரந்தர உறுப்பினர் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கினால் அவர் வந்து சேரவில்லை, ஆகவே தீர்மானம் விழ வேண்டும். ஆனால் 1946இலேயே சோவியத் ஒன்றியம் ஸ்பெயின் பற்றிய தீர்மானத்தில் ஒதுங்கி நின்றபோது அது நிறைவேறியதாகவே கொள்ளப்பட்டது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. நமீபியா தொடர்பாக 1970இல் பாதுகாப்பு அவை உலக நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு நிறைவேற்றிய தீர்மானத்தில் நிரந்தர உறுப்பினர் இருவர் ஒதுங்கியிருந்தார்கள். அதனால் அது செல்லாது என்று தென்னாப்பிரிக்கா வாதிட்டது. 1971 ஜூனில் உலக நீதிமன்றம் அதை நிராகரித்து, நீண்ட காலமாக மாறாமல் கடைப்பிடிக்கப்பட்ட நடைமுறையையே ஏற்றுக்கொண்டது. சொல்லின் பொருளைவிட அதைப் பயன்படுத்துவோரின் வழக்கம் வலியதாகிவிட்ட இடம் இது.

இதுவரை பார்த்தவை எல்லாம் கருத்து கூடும் இடங்கள். கருத்துக்கே வேலையில்லாமல் 'கன்கர்' வழங்கும் இடங்கள்தான் படிப்பவரைத் தடுமாற வைக்கின்றன. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலுள்ள மூன்றாவது பட்டியலைத் தமிழில் பொதுப்பட்டியல் என்றும், ஒத்திசைவுப் பட்டியல் என்றும் எழுதுகிறார்கள். முதல் பெயரே பொருத்தம். ஒன்றியமும் மாநிலமும் இசைந்து சட்டம் இயற்றும் பட்டியல் என்று இரண்டாவது பெயர் எண்ண வைத்துவிடுகிறது. உண்மையில் இரண்டு சட்டமன்றங்களும் ஒரே களத்தில் ஓடலாம் என்பதுதான் பொருள். ஓடும்போது முட்டிக்கொண்டால் ஒன்றியச் சட்டமே நிற்கும் என்று 254ஆம் பிரிவு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறது. ஆங்கிலம் மறந்துவிட்ட பழைய மோதல் பொருளின் நிழல் இந்த அமைப்பில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கல்வி, காடு முதலியவற்றை 1976இன் 42ஆவது திருத்தம் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்து இங்கே வைத்ததால் எழுந்த சச்சரவுகள் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். விலங்குவதைத் தடுப்பும் இதே பட்டியலில் 17ஆவது இனமாக உள்ளது. ஒன்றியச் சட்டத்தோடு முட்டாமல் இருக்கவே 2017இல் ஜல்லிக்கட்டுக்கான தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறப்பட்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. அங்கே குடியரசுத் தலைவர் தந்தது 'அசென்ட்', பட்டியலின் பெயர் 'கன்கரண்ட்'. இரண்டையும் தமிழில் ஒப்புதல், ஒத்திசைவு என்று ஒன்றையொன்று ஒட்டிய சொற்களால் எழுதினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

தண்டனையில் வரும் 'கன்கரண்ட்' என்பதற்குத் தமிழ்ச் செய்தித்தாள்கள் நெடுங்காலமாகவே சரியான தொடரை வைத்திருக்கின்றன: 'தண்டனைகளை ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்.' ஒரு குற்றத்துக்கு மூன்றாண்டு, இன்னொன்றுக்கு இரண்டாண்டு என்றால், இரண்டும் ஒரே நாளில் ஓடத் தொடங்குவதால் மூன்றாண்டில் முடிந்துவிடும். 2024 ஜூன் வரை நடைமுறையில் இருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் அவ்வாறு வெளிப்படையாக ஆணையிட வேண்டியிருந்தது. ஆணையிடாவிட்டால் ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று தொடங்கி ஐந்தாண்டாயிற்று. ஒரு சொல் எழுத மறந்தால் இரண்டாண்டுச் சிறை கூடிற்று.

குற்றவியலில் இன்னொரு 'கன்கரன்ஸ்' உண்டு. செயலும் தீய எண்ணமும் ஒரே நேரத்தில் கூடினால்தான் பெரும்பாலான குற்றங்கள் குற்றமாகும். லண்டனில் 1967இல் ஃபேகன் என்பவர் காரை நிறுத்தும்போது சக்கரம் ஒரு காவலரின் பாதத்தின் மேல் ஏறிவிட்டது. ஏறியது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் காவலர் எடுக்கச் சொன்ன பிறகும் அவர் உடனே எடுக்கவில்லை. ஏற்றியபோது எண்ணம் இல்லை, எண்ணம் வந்தபோது புதிய செயல் இல்லை, ஆகவே இரண்டும் கூடவில்லை என்பது அவர் தரப்பு வாதம். சக்கரம் பாதத்தின் மேல் இருக்கும்வரை செயல் தொடர்கிறது, அந்தத் தொடர்ச்சியின் நடுவில் எண்ணம் வந்து சேர்ந்துகொண்டது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஒருவர் மாறுபட்டார்.

பள்ளிக் கணக்கில் முக்கோணத்தின் நடுக்கோடுகள் மூன்றும் ஒரு புள்ளி வழிச் செல்லும் என்று படித்திருப்போம். அந்த 'ஒரு புள்ளி வழி' என்பதே ஆங்கிலத்தில் 'கன்கரண்ட்'. வங்கிகளில் நடவடிக்கை நடக்கும்போதே கூடவே செய்யப்படும் தணிக்கைக்கும் இதே பெயர்.

பயன்படுத்தும் முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. ஒரு மனிதரோடு அல்லது அவர் கருத்தோடு இசையும்போது 'கன்கர் வித்' என்று எழுத வேண்டும். ஒரு முடிவில் அல்லது தீர்ப்பில் இசையும்போது 'கன்கர் இன்'. ஒரு கூற்றை முழு வாக்கியமாகத் தொடர்ந்தால் 'கன்கர் தட்'. பல காரணங்கள் கூடி ஒரு விளைவைத் தந்தன என்று சொல்லக் 'கன்கர் டு' என எழுதிப் பின்னால் ஒரு வினை வர வேண்டும். இது பழைய நடை, ஆனால் பிழையில்லை. ஒரு வேண்டுகோளுக்கு இணங்கினார் என்ற பொருளில் 'கன்கர் டு' என்று எழுதுவதுதான் நம் அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி நேரும் பிழை. அங்கே 'அக்ரீ' அல்லது 'அக்சீட்' வேண்டும். இறந்த காலத்திலும் 'கன்கரன்ஸ்' முதலிய பெயர்ச்சொற்களிலும் 'ஆர்' இரட்டிக்கும். அழுத்தம் இரண்டாவது அசையில் விழுவதே அதற்குக் காரணம்.

அந்த அழுத்தம் ஒலிப்பிலும் முக்கியம். வெற்றி கொள்ளுதலைக் குறிக்கும் ஆங்கில வினைக்கு ஒலி 'காங்கர்'. அழுத்தம் முதல் அசையில். அதன் வேர் தேடுதலைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல், இரண்டுக்கும் உறவில்லை. நம் நாவில் இரண்டும் 'காங்கர்' என்றே வந்துவிடுவதால், நேர்முகத் தேர்விலோ வாதத்திலோ 'உங்கள் கருத்தோடு இசைகிறேன்' என்பது கேட்பவர் காதில் வேறாக விழக்கூடும். முதல் அசையை விழுங்கி, இரண்டாவதை நீட்டிச் சொல்லிப் பழகினால் சரியாகிவிடும். நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் சாதாரணப் பேச்சிலும் 'அக்ரீ' என்றே சொல்லலாம். நீங்களும் தனியே ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்ததைப் பதிவு செய்ய வேண்டிய அறிக்கை, தீர்ப்பு, மருத்துவரின் இரண்டாவது கருத்து போன்ற இடங்களுக்கு 'கன்கர்' பொருந்தும்.